கடைக் கண்ணாடியைப் பதினெட்டு நாள் கடன் கேட்டு: கும்பகோணம் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கும்பகோணம் கடைத்தெருவில் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை நடத்தும் பெரியோர்களுக்கு வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வருகிற ஆடி முதல் தேதியிலிருந்து ஆடிப்பெருக்கு வரை, உங்கள் கடை முகப்பில் இருக்கும் கண்ணாடி ஷோகேஸ்களில் ஒன்றை எங்களுக்குக் கடனாகத் தாருங்கள். கடைக்கு ஒன்று போதும். அதற்குள் எங்கள் படைப்புகளை வைப்போம். பத்தொன்பதாம் நாள் காலையில் துடைத்து ஒப்படைத்துவிடுவோம்.

நாங்கள் என்றால், பிளெக்ஸ் வருவதற்கு முன்பு உங்கள் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய சிலரும், இதே ஊரின் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் சில பிள்ளைகளும்தான். ஆசையையும் வாங்குவதையும் பற்றி விளையாட்டாகச் சில பொருள்கள் செய்து வைத்திருக்கிறோம். அவற்றை வைக்க அரங்கம் வேண்டாம், கடைத்தெருதான் வேண்டும்.

ஏன் ஆடி என்று கேட்பீர்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், வியாபாரம் மந்தம், அதனால்தான் தள்ளுபடி பேனர் கட்டுகிறீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் காரணம் வேறு. மேட்டூர் ஜூன் 12இல் திறந்திருந்தால் ஆடியில் குறுவை வயலில் நிற்கும். அடுத்து சம்பாவுக்கு நாற்றங்கால் விட வேண்டும். உழவு, விதை, உரம், ஆள்கூலி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். தையில் வாங்கிய வளையல் அப்போதுதான் கூட்டுறவு வங்கிக்குப் போகிறது. கையில் காசு இல்லை, ஆனால் தெரு முழுக்கச் சிவப்பு எழுத்தில் பாதி விலை என்று எழுதியிருக்கிறது. ஆசையைப் பற்றிய கண்காட்சிக்கு டெல்டாவில் இதைவிடப் பொருத்தமான மாதம் கிடையாது.

இந்த யோசனையை உங்களில் ஒருவரிடம் முன்பே சொன்னேன். பெரிய மனிதர், பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்கள் வாடிக்கையாளரை எங்கள் வாசலிலேயே நிற்க வைத்துக் கிண்டல் செய்யப் போகிறீர்களா?" என்றார். நியாயமான கேள்வி. கொஞ்சம் செய்வோம் ஐயா. உங்களையும் கொஞ்சம் செய்வோம், எங்களை அதிகமாகவே செய்வோம். செல்போன் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று புது மாடலைப் பார்த்துவிட்டு, வாங்காமல் வீடு திரும்பும் கூட்டம்தான் நாங்களும். ஆனால் உபதேசம் செய்ய மாட்டோம். ஆசையை விடச் சொல்வதற்கு இந்த ஊரில் ஆள் பஞ்சம் இல்லை: கோயிலுக்கு ஒருவர், மடத்துக்கு ஒருவர், பட்டிமன்றத்துக்கு இரண்டு அணி. அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு எல்லோரும் நேராக உங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள்.

ஆசை எப்படி வேடம் மாற்றுகிறது என்று பார்க்க, இந்த ஊரின் பித்தளையைப் பார்த்தாலே போதும். ஒரு காலத்தில் கும்பகோணம் பாத்திரம் என்றால் பித்தளைதான். அண்டா, குண்டா, குடம், கூஜா என்று வீட்டுக்கு வீடு பரணில் இருந்தது. எவர்சில்வர் வந்தது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், கண்ணாடிபோல் பளபளக்கும். பெண்கள் விடுதலை பெற்றதுபோல் மகிழ்ந்தார்கள், அதில் தவறே இல்லை. தேய்த்த கைகளுக்குத்தான் அதன் அருமை தெரியும். பழைய பித்தளை எடைக்குப் போனது. பாட்டி காலத்து அண்டாவைக் கொடுத்து மெல்லிய எவர்சில்வர் டப்பாக்கள் நான்கைந்து வாங்கிய வீடுகள் எத்தனையோ. இப்போது அதே பித்தளை உங்கள் கடைகளின் முன்வரிசைக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஆரோக்கியம் என்றும் பாரம்பரியம் என்றும் சீட்டு ஒட்டி, எவர்சில்வரைவிடப் பல மடங்கு விலையில். நெடுஞ்சாலைகளில் எங்கே பார்த்தாலும் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை. உள்ளே பித்தளை டபராவில் நுரை பொங்குகிறது. கும்பகோணத்துக்காரர்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் குடித்துக்கொண்டிருக்கிறோம். நம்மிடமிருந்து எடைக்கு வாங்கிப் போன ஊரை நமக்கே கோப்பையில் ஊற்றி விற்கிறார்கள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? நான் அந்த இடங்களில் காரை நிறுத்தச் சொல்லிக் குடிக்கிறவன்தான். காபி சுமார்தான், டபரா அழகு.

பாத்திரக்கடைக்காரர்களுக்கு ஒரு செய்தி. 1964இல் பீகாரில் பிறந்த சுபோத் குப்தா என்ற கலைஞர், உங்கள் கடையில் இருக்கும் அதே எவர்சில்வர் தட்டு, டம்ளர், தூக்கு, வாளிகளைக் கொண்டுதான் உலகப் புகழ் பெற்றார். 2006இல் பாத்திரங்களையே அடுக்கிப் பெரிய மண்டையோடு ஒன்று செய்தார். பசி மிகுந்த கடவுள் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். அது வெனிஸ் நகரக் கால்வாய்க் கரையில் நின்றது. 2008இல் அணுகுண்டு வெடித்தால் எழும் காளான் மேகத்தைப் பாத்திரங்களாலேயே எழுப்பினார். அதைப் பார்க்க டெல்லி வரை போகிறார்கள். நம் ஊரில் தாய்மாமன்கள் பல காலமாக இதைச் செய்துவருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. காதுகுத்துக்கோ மஞ்சள் நீராட்டுக்கோ சீர் வரும்போது பாருங்கள்: மேளம் முன்னால், ஒற்றைப்படை எண்ணிக்கையில் தட்டுகள் பின்னால், மண்டபத்துக்குள் நுழைந்ததும் கட்டில், பீரோ, கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, படிப்படியாகப் பாத்திரம், உச்சியில் ஒரு குத்துவிளக்கு. வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள், மனத்துக்குள் விலை போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். எந்தக் கலைக்கூடத்திலும் இவ்வளவு கூர்ந்து பார்க்கும் கூட்டத்தை நான் கண்டதில்லை.

அந்தப் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறவர் உங்கள் கடையின் மூலையில் உட்கார்ந்திருப்பார். கொடுத்தவர் பெயர், நாள், விசேஷம். ஊரின் உறவுமுறை முழுவதும் அவர் கையால் எழுதப்பட்டது. அவரைத்தான் எங்கள் முதல் கலைஞராகக் கேட்கிறோம். கடைக்கு வருகிறவர்கள் தாங்கள் மிகவும் விரும்பி, கடைசிவரை வாங்காமல் விட்ட ஒரு பொருளின் பெயரை அவரிடம் சொல்ல வேண்டும். அவர் அதை ஒரு டம்ளரில் வெட்டுவார். சொன்னவரின் பெயர் வேண்டாம், பொருளின் பெயர் மட்டும். டம்ளர்களை ஷோகேஸில் அடுக்கிக்கொண்டே வருவோம். அவருக்குரிய கூலியை நாங்கள் தருகிறோம். டம்ளரும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். ஆடித் தள்ளுபடி எங்களுக்கும் உண்டா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கடையைக் கலையாகப் பார்ப்பது புதிய கிறுக்குத்தனம் என்று யாராவது சொன்னால், 1961 டிசம்பரில் நியூயார்க்கில் கிளேஸ் ஓல்டன்பர்க் என்ற சிற்பி வாடகைக்கு எடுத்த இடத்தில் ஒரு கடையையே திறந்தார் என்று சொல்லுங்கள். ஏழைகளும் குடியேறியவர்களும் வாழ்ந்த பகுதி அது. கம்பி வலைமேல் சாந்தில் நனைத்த துணியைச் சுற்றி, கண்ணைப் பறிக்கும் எனாமல் வண்ணம் பூசி, சட்டை, கேக், இறைச்சித் துண்டு, செருப்பு எல்லாம் செய்து அடுக்கினார். விலை 499.99 டாலர் என்பதுபோல ஒரு காசு குறைத்துப் போட்டார். நம் ஊரில் இதைப் பாட்டா விலை என்று சொல்லிச் சிரிப்போம். பின்னறையில் அவரே செய்தார், முன்னறையில் அவரே விற்றார். தின்ன முடியாத கேக், போட முடியாத சட்டை. வாங்க வேண்டும் என்று கை நீண்டதும் எதற்கு என்று மனம் கேட்டது. அந்த ஒரு நொடி இடைவெளிதான் அவர் விற்ற சரக்கு.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் குறையில்லை, அவர் உங்கள் ஆள். புகழ் பெறுவதற்கு முன் அவர் கடை ஷோகேஸ் அலங்கரித்தவர். 1961 ஏப்ரலில் நியூயார்க்கின் பெரிய துணிக்கடை ஒன்றின் கண்ணாடிக்குள், உடை உடுத்திய பொம்மைகளுக்குப் பின்னால்தான் தம் புதுப் பாணி ஓவியங்களை முதலில் மாட்டினார். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் சூப் டப்பா ஓவியங்கள் 32ஐ, மளிகைக் கடைபோலவே பலகை வைத்து வரிசையாக நிறுத்தினார். பக்கத்துக் கலைக்கூடக்காரர் என்ன செய்தார் தெரியுமா? உண்மையான சூப் டப்பாக்களை வாங்கித் தம் கண்ணாடிக்குள் அடுக்கி, அசல் இங்கே மலிவு என்று எழுதிவைத்தார். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைவிட அந்த ஓவியத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் அவர்தான் என்பது என் கட்சி. உங்களிலும் அப்படி ஒருவர் எங்களுக்குப் போட்டியாகக் கிளம்பினால் அதுவே கண்காட்சியின் வெற்றி.

இதெல்லாம் அமெரிக்க விளையாட்டு, நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். கொலுப்படியின் கீழே செட்டியாரும் ஆச்சியும் கடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் முன்னால் சின்னச் சின்னக் கிண்ணங்களில் அரிசி, பருப்பு, மிளகாய் வைக்கிறோமே, தெய்வங்கள் மேல்படியில் இருக்க ஒரு கடைக்கும் இடம் வேண்டும் என்று நினைத்த அந்த மனம் யாருடையது? கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்த சாமி படங்களை நாள்காட்டியாக வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தவை கடைகள்தாம். மேலே முருகன், கீழே முருகனைவிடப் பெரிய எழுத்தில் ஜவுளிக்கடைப் பெயர். தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணத்தைப் புடைப்பாக வைத்து, தங்கத்தகடு ஒட்டி, கல் பதித்துக் கண்ணன் கழுத்தில் நகை போடுகிறோம். பார்க்கிறவர் கண் முதலில் போவது கண்ணன் முகத்துக்கா, கல்லுக்கா என்று நான் கேட்கமாட்டேன்.

நகைக்கடைக்காரர்கள் ஒருமுறை பெரிய கோயில் கல்வெட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். ராஜராஜன் கொடுத்த பொன் ஆடவல்லான் என்னும் எடைக்கல்லாலும், மணிகள் பதித்த நகைகள் தட்சிணமேருவிடங்கன் என்னும் எடைக்கல்லாலும் நிறுக்கப்பட்டு, கழஞ்சு, மஞ்சாடிக் கணக்கோடு கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. முத்துகளை எண்ணியதோடு நிற்கவில்லை; வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று தரம் பிரித்திருக்கிறார்கள். உங்கள் பில்லில்கூட இவ்வளவு விவரம் இருக்காது. ஆயிரம் ஆண்டாகியும் அழியாத பில் அது.

சிரிப்போடு நின்றுவிடாத இடங்களுக்கு இப்போது வருகிறேன்.

துணிக்கடைகளில் நாங்கள் வைக்க நினைப்பது மிக எளிமையானது. புடவை கட்டிய பொம்மைகள் எல்லாவற்றையும் ஸ்டூலில் உட்கார வைப்போம். அவ்வளவுதான். திருபுவனம் பட்டு உடுத்தி, காலை நீட்டி, வசதியாக உட்கார்ந்திருக்கும் பொம்மைகள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. நாள் முழுவதும் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிற பெண்கள் அதன் பிறகு எத்தனை கடைகளில் உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் பொம்மைகள் எதுவும் பேசாது. கண்ணாடியில் எந்த வாசகமும் எழுதமாட்டோம்.

அடுத்தது ஷட்டர். மும்பை ஓவியர் அதுல் தோடியா, 2000ஆம் ஆண்டையொட்டிக் கடைகளின் இரும்பு ஷட்டர்கள்மேல் ஓவியம் வரையத் தொடங்கினார். அவற்றில் ஒன்றில் வெளியே மகாலட்சுமி. நாள்காட்டியில் நாம் பார்க்கும் அதே லட்சுமி, தாமரையும் பொன்னுமாக. ஷட்டரைத் தூக்கினால் உள்ளே வேறு ஓவியம்: வரதட்சணைச் சுமையைப் பெற்றோருக்குத் தரக் கூடாது என்று தூக்கில் தொங்கிய சகோதரிகள் மூவர். ஒரே சட்டத்தில் இரண்டு படங்கள், இடையில் கடை திறக்கும் அந்தக் கடகட ஓசை. ஆசையைப் பற்றி நம் நாட்டில் செய்யப்பட்ட படைப்புகளில் என்னை அதிகம் தைத்தது இதுதான். இதை நகலெடுக்கப் போவதில்லை, அது அவருடையது. எங்கள் ஊர்க் கதைக்கு வேறு வடிவம் வைத்திருக்கிறோம். நகைக்கடையில் ஆரம் மாட்டிக் காட்டும் வெல்வெட் கழுத்துப் பொம்மைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒரு வரிசையை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள். முதல் பொம்மையில் ஆரம். அடுத்ததில் அடகுச் சீட்டு. அதற்கடுத்ததில் வட்டி கட்டிய ரசீது. பிறகு மீட்ட ஆரம். மறுபடி அடகுச் சீட்டு. தை, ஆடி, தை, ஆடி என்று கீழே மாதப் பெயர்கள் மட்டும். சீட்டுகளில் பெயரும் எண்ணும் இல்லாமல் பார்த்துக்கொள்வோம். டெல்டாவில் தங்கம் கழுத்தில் இருந்த நாள்கள் அதிகமா, வங்கிப் பெட்டகத்தில் இருந்த நாள்கள் அதிகமா என்று உங்கள் வாடிக்கையாளர்களே கணக்குப் போட்டுச் சிரிப்பார்கள். சிரிக்காமல் போகிறவர்களும் இருப்பார்கள். பதினொரு மாத நகைச்சீட்டுக்கு ஆள் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், குறையாது. அதில் எனக்கு வருத்தம்கூட உண்டு.

2001 பிப்ரவரியில் லண்டனில் மைக்கேல் லாண்டி என்ற கலைஞர், மூடப்பட்ட ஒரு பெரிய கடைக்குள் தமக்குச் சொந்தமான எல்லாவற்றையும், மொத்தம் 7,227 பொருள்களை, பட்டியல் போட்டு இயந்திரத்தில் அரைத்து அழித்தார். கார், கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ், கடைசியில் தந்தையின் ஆட்டுத்தோல் கோட்டு வரை. எங்கள் குழுவில் ஓர் இளைஞர் அதைக் கேள்விப்பட்டு, நானும் செய்வேன் என்று துள்ளினார். கணக்கெடுத்துப் பார்த்தால் செல்போனுக்கும் வண்டிக்கும் தவணை முடியவில்லை; அழிக்க அவருக்கு உரிமையே கிடையாது. வீட்டில் மற்றவை எங்கிருந்து வந்தன என்று தேடியபோதுதான் விஷயம் சுவையானது. பீரோ அம்மாவின் சீர். தொலைக்காட்சி 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்தது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி 2011 தேர்தலுக்குப் பிறகு வந்தவை. குக்கர் ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. சுவர்க் கடிகாரம் உங்களில் ஒருவர் கொடுத்த இலவசம். அந்த வீட்டில் யாராவது ஆசைப்பட்டுக் கடைக்குப் போய், முழுப் பணம் கொடுத்து வாங்கிய பொருள் மிகக் குறைவு. இப்போது அவர் அந்தப் பட்டியலை நீண்ட பில் தாளில் அச்சிட்டுக்கொண்டிருக்கிறார். மொத்தம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். வீட்டு உபயோகப் பொருள் கடைக்காரர் எவராவது அதற்கு இடம் தரவேண்டும்.

வாழைப்பழத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும்; எல்லோரும் கேட்கிறார்கள். ஆம், 2019 டிசம்பரில் மயாமி கலைச் சந்தையில் மௌரீசியோ கட்டெலான் என்ற இத்தாலியர் ஒரு வாழைப்பழத்தை நாடாவால் சுவரில் ஒட்டி, 1,20,000 டாலருக்கு விற்றார். பழம் அழுகும், வாங்கியவர் பெற்றது ஒரு சான்றிதழும் எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும். 2024 நவம்பரில் அதன் ஒரு பிரதி நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் கிரிப்டோ செல்வந்தர். சில நாளில் ஹாங்காங்கில் பலர் முன்னிலையில் உரித்துத் தின்றார். அந்த ஏலத்துக்கான பழம் தெருவோரக் கடையில் 35 சென்டுக்கு வாங்கப்பட்டதாம். முதல் முறை அது நல்ல வேடிக்கை என்றே நினைத்தேன். இரண்டாம் முறை வேடிக்கை யாரைப் பார்த்து என்ற சந்தேகம் வந்துவிட்டது. திருவையாற்றுப் பக்கம் ஆற்றங்கரை முழுக்க வாழை நிற்கிறது. முகூர்த்தம் இல்லாத நாளில் தார் என்ன விலைக்குப் போகிறது, வெட்டுக்கூலிக்காவது கட்டுகிறதா என்று அங்கே கேட்டால், எந்த ஏலக்காரரும் தராத விளக்கம் கிடைக்கும். எங்கள் கண்காட்சியில் வாழைப்பழம் இருக்காது. தாம்பூலத் தட்டில் வைத்தால் தின்றுவிடுவோம்.

அந்தப் பழத்தால் எங்களுக்கு ஒரு பயம் மட்டும் வந்திருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். கடையைக் கேலி செய்யும் கலையைக் கடை மிக விரைவில் விழுங்கிவிடுகிறது. வேறோர் ஊரில் ஒரு கடை முதலாளி தம் பக்கச் சுவரில் ஓவியம் வரையச் சொன்னார், மகிழ்ந்து போனோம். நாற்று நடும் பெண்கள், நடுவில் கடைச் சின்னம், நடுகிற பெண்கள் எல்லோரும் அவர் கடைப் பட்டுப்புடவையில். சேற்றில் பட்டுப்புடவை! இப்படி நடக்காமலிருக்கச் சில நிபந்தனைகள். எங்கள் ஷோகேஸுக்குள் கடைப் பெயர், தள்ளுபடி விவரம், நல்வாழ்த்து எதுவும் வரக்கூடாது. பாதியில் பிடிக்கவில்லை என்று அகற்றக் கூடாது. திரை போட்டு மூடிக்கொள்ளலாம், திரையும் படைப்பின் பகுதியாகிவிடும். யாராவது உள்ளே இருப்பதை விலைக்குக் கேட்டால் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வாழ்க்கையில் ஒருமுறையாவது அதைச் சொல்லிப் பார்க்கலாமே.

உங்களுக்கு ஆகும் செலவு, அந்த ஒரு விளக்கின் மின்சாரம். உடைந்தால், கீறல் விழுந்தால் எங்கள் பொறுப்பு. இரவு ஷட்டர் இறக்கும் நேரத்தை ஊழியர்கள் எங்களுக்காக மாற்ற வேண்டியதில்லை. 2028இல் மகாமகம் வருகிறது. அப்போது லட்சக்கணக்கான பேர் இந்தத் தெருக்களில் நடப்பார்கள், உங்களுக்கு இடமும் நேரமும் இருக்காது. செய்து பார்ப்பதானால் ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் ஆடிதான் வசதி.

சம்மதம் உள்ளவர்கள் ஆனி முடிவதற்குள் ஷோகேஸின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் ஒரு தாளில் குறித்து, கண்ணாடி திறக்கும் பக்கம் எது என்பதையும் எழுதி, கல்லாவில் வைத்திருங்கள். செவ்வாய், வெள்ளி தவிர்த்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு நாங்கள் வந்து வாங்கிக்கொள்கிறோம். பாத்திரக்கடைக்காரர்கள் மட்டும் பெயர் வெட்டுகிறவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். அவர் ஒப்புக்கொண்டால்தான் மற்றது.

இப்படிக்கு,
உங்கள் பழைய பெயர்ப்பலகை ஓவியர்களில் ஒருவன்,
கும்பகோணம்